ராத்திரி மூணு... நட்சத்திரம் ஆறு லட்சம்!

மொட்டை மாடியில் தூங்கும் டெலஸ்கோப்பை எழுப்ப ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் ரூட்!

டெலஸ்கோப் வாங்குகிறவர்களில் ரெண்டு வகை உண்டு. முதல் வாரம் நிலாவைப் பார்த்து 'வாவ்' சொல்லி, ரெண்டாவது வாரம் ஆண்ட்ரமீடாவைத் தேடித் தேடிக் கழுத்து சுளுக்கி, மூணாவது வாரம் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் ஒரு வகை. பெட்டிக்குள்கூட வைக்காமல் அதன் மேல் துண்டு காயப்போடுபவர்கள் இன்னொரு வகை. எங்கள் ஹாஸ்டலில் ரெண்டு வகையும் இருக்கிறார்கள்!

பிரச்னை டெலஸ்கோப்பில் இல்லை பாஸ். 'எங்கே திருப்புறது?' என்பதுதான் பிரச்னை. 130 மி.மீ. கண்ணாடி கொண்ட ஒரு சாதாரண டெலஸ்கோப்பில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால், ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது வானத்தில் சுமார் 2 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டம். கையை நீட்டிச் சுண்டு விரலைக் காட்டினால் அது மறைக்கிற அகலத்தைப்போல் சுமார் ரெண்டு மடங்குதான். அந்த ஓட்டை வழியாக மொத்த வானத்தையும் தேடுவது, பாய் சுருட்டி அதன் வழியாகத் தி.நகர் ரங்கநாதன் தெருவில் நண்பனைத் தேடுவது மாதிரி. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் பரண்!

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் ஃப்ரீயாக. பெயர், ஸ்டெல்லேரியம். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு புரோகிராமர் 2000-ல் ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட். இறக்கிக்கொண்ட உடனேயே உங்கள் லேப்டாப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ரெடி. இது தவிர, பேட்ரிக் ஷெவாலே உருவாக்கிய கார்ட் டு சியெல், லினக்ஸ் பார்ட்டிகளுக்குப் பிடித்த கே-ஸ்டார்ஸ் என்று இலவச அயிட்டங்கள் இன்னும் உண்டு. 'என் லேப்டாப் அண்ணன் காலத்துப் பழசு, கிராஃபிக்ஸ் எல்லாம் தாங்காது' என்கிறவர்களுக்குக் கார்ட் டு சியெல் பெஸ்ட்.

"அது என்ன, சும்மா ஸ்கிரீன்ல நட்சத்திரம் காட்டுற பொம்மைதானே?" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் மேட்டர் இருக்கு!

மூணே மூணு ராத்திரி!

எங்கள் காலேஜில் ஒரு சின்ன அஸ்ட்ரானமி கிளப். ஆட்கள் 40, டெலஸ்கோப் ஒன்று. போன செமஸ்டர் ஆரம்பத்தில் காலண்டரை விரித்து உட்கார்ந்தோம். மங்கலான கேலக்ஸி, நெபுலா எல்லாம் தெரியணும்னா நிலா இருக்கக் கூடாது. அதாவது அமாவாசையை ஒட்டிய ராத்திரி வேண்டும். வருஷத்துக்கு 12 அல்லது 13 அமாவாசைதான். அதில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் எக்ஸாம். கழித்துப் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஆக, மூணே மூணு ராத்திரி! அதிலும் ஒரு ராத்திரி மேகம் வந்தால் போச்சு. ஃபைனல் இயர் சீனியர்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். பிப்ரவரி நடுவில் நம்ம ஊரில் முழு இருட்டு என்பது இரவு ஏழரையிலிருந்து காலை அஞ்சேகால் வரை. சுமார் 600 நிமிடம். 40 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்தால், ஒரு அயிட்டத்துக்கு 40 நிமிடம். அதைத் தேடிப் பிடிக்க 20 நிமிடம் ஆனால், மொத்த ராத்திரிக்கும் 10 அயிட்டம்தான். ராத்திரியில் மூணில் ஒரு பங்கு, இருட்டில் தடவுவதிலேயே காலி! தேடும் நேரத்தை 5 நிமிடமாகக் குறைத்தால் 13 அயிட்டம் பார்க்கலாம். இல்லை, 10 அயிட்டத்தையே நிதானமாக, டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

அந்த 15 நிமிடத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் சாஃப்ட்வேரின் வேலை. அதுவும் பகலிலேயே!

லண்டன் வானம் வேற, ஏலகிரி வானம் வேற!

முதல் வேலை, எஃப் 6 விசையைத் தட்டி உங்கள் இடத்தைச் சொல்வது. நாங்கள் ஏலகிரிக்காகப் போட்டது வடக்கே 12.6 டிகிரி, கிழக்கே 78.6 டிகிரி. டைம் ஸோன் 5.30 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இது ஏன் முக்கியம்? நம்ம லைப்ரரியில் இருக்கும் வானியல் கைடுகளில் பல, லண்டனிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து எழுதியவை. அதில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் ஜம்மென்று நிற்கும். நம்ம ஏலகிரியில் அதன் உயரம் வெறும் 12 டிகிரி சொச்சம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. அதாவது அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி, அதுக்கும் மேல கொஞ்சம்! முன்னால் ஒரு புளியமரம் நின்றால் துருவ நட்சத்திரம் அம்பேல். அதை வைத்து டெலஸ்கோப் ஸ்டாண்டை நேர் செய்கிற மக்கள், வடக்கே மரம் இல்லாத இடமாகத் தேடணும் என்பதைப் பகலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நஷ்டம் மட்டும் இல்லை, லாபமும் உண்டு. அகத்தியர் நட்சத்திரம் என்று நம்ம தாத்தா பாட்டி சொல்லும் கனோபஸ், லண்டன்காரர்களுக்கு உதிக்கவே உதிக்காது. ஒமேகா சென்டாரி என்ற பிரமாண்ட நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். சுமார் 17,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு கோடி நட்சத்திரங்கள் மொய்க்கும் தேன்கூடு அது. நமக்கோ தெற்கே 30 டிகிரி உயரம் வரைக்கும் ஏறி வருகிறது!

எட்மண்ட் ஹாலி தெரியும்தானே? வால்நட்சத்திரப் புகழ். தெற்கு வானத்தை அளப்பதற்காக 1676-ல் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி, அட்லான்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயசு 20. ஏறக்குறைய நம்ம வயசுதான்! அங்கிருந்து 1677-ல் ஒமேகா சென்டாரியைப் பார்த்து, அது தனி நட்சத்திரம் இல்லை என்று குறித்துவைத்தார். அவர் கடல் தாண்டிப் போய்ப் பார்த்ததை நாம் வாணியம்பாடிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால், அது எத்தனை மணிக்கு வருகிறது என்று லண்டன் புத்தகம் சொல்லாது. உங்கள் ஊரைக் கொடுத்த சாஃப்ட்வேர் சொல்லும்.

மறையுறவனுக்குத்தான் முதல் மரியாதை!

அடுத்து, எஃப் 5-ஐத் தட்டித் தேதியையும் நேரத்தையும் மாற்றி, அந்த ராத்திரியை மதியமே ஓட்டிப் பார்ப்பது. எல் விசையை அழுத்த அழுத்த நேரம் பறக்கும். கே அழுத்தினால் பழைய வேகம். நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கும்; மாசத்துக்கு 2 மணி நேரம். அதனால் ஜனவரிக்குப் போட்ட டைம்டேபிள் மார்ச்சுக்கு உதவாது. ஒவ்வொரு தடவையும் புதுசாகப் போடணும்.

டைம்டேபிளின் கோல்டன் ரூல் ஒன்றுதான். எது முதலில் மறையுதோ, அதை முதலில் பார். பிப்ரவரி நடுவாரத்துக்கு நாங்கள் போட்ட லிஸ்ட் இதோ:

மணி 7.30: ஆண்ட்ரமீடா கேலக்ஸி. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு. இப்போது மேற்கே 28 டிகிரி உயரம்; 9 மணிக்கு 12 டிகிரிக்கு இறங்கிவிடும். லேட்டா வர்றவனுக்கு நோ சான்ஸ்!

மணி 8.15: ஓரியன் நெபுலா, அதாவது எம் 42. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம். கிட்டத்தட்ட தலைக்கு மேலே, இந்த ராத்திரியில் அது தொடும் அதிகபட்ச உயரத்தில்.

மணி 9: கார்த்திகைக் கூட்டம். மேற்கே பாதி உயரத்தில். வெறும் கண்ணில் ஆறேழு. ஐபீஸில் டஜன் கணக்கில்!

மணி 10: சிரியஸுக்குத் தெற்கே எம் 41 கூட்டம். நடுவில் பிரேக் எடுத்து, வெறும் கண்ணால் அகத்தியருக்கு ஒரு சல்யூட்.

மணி 11.15: கடக ராசியில் எம் 44 கூட்டம். அது உச்சிக்கு வரும் நேரம். அப்புறம் டீ!

மணி 1: சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டர் - அருந்ததி. கல்யாண வீட்டில் காட்டுகிற அதே ஜோடிதான். டெலஸ்கோப்பில் பார்த்தால் வசிஷ்டரே ரெண்டாகப் பிரிவார். இது தெரியாத ஜூனியர்களின் முகத்தைப் பார்ப்பதற்கே தனியாக ஒரு டிக்கெட் போடலாம்.

மணி 3: தெற்குச் சிலுவை. அடிவானத்துக்கு மேலே 14 முதல் 20 டிகிரி வரைதான்.

மணி 4: ஒமேகா சென்டாரி. அன்றைய ராத்திரியின் கிளைமாக்ஸ்!

கவனியுங்கள். கடைசி ரெண்டும் தெற்கே தாழ்வாக வருபவை. தெற்கில் மரமோ, கட்டடமோ, ரிசார்ட் லைட்டோ இருந்தால் கிளைமாக்ஸ் கட்! இதற்கும் சாஃப்ட்வேரில் வழி இருக்கு. பகலில் அந்த இடத்துக்குப் போய், திசைகாட்டியை வைத்துக்கொண்டு சுற்றி நின்று, எந்தத் திசையில் எத்தனை டிகிரி உயரத்துக்கு மரம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு ஸ்டெல்லேரியத்துக்குக் கொடுத்தால், உங்கள் இடத்து அடிவானத்தையே ஸ்கிரீனில் வரைந்துவிடும். எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து எத்தனை மணிக்கு எது எட்டிப் பார்க்கும் என்பது கையில்! சர்வே லேப் போன சிவில் மாணவர்களுக்கு இது ஜுஜுபி.

ஐபீஸில் என்ன தெரியும்?

'பெட்டி மேல 525 மடங்குனு போட்டிருக்கே!' என்று மயங்காதீர்கள். டெலஸ்கோப்பின் குவிய தூரத்தை ஐபீஸின் குவிய தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 650 மி.மீ. டெலஸ்கோப்பில் 25 மி.மீ. ஐபீஸ் என்றால் 26 மடங்கு, 10 மி.மீ. என்றால் 65 மடங்கு. கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் ரெண்டு மடங்குதான் பொதுவான எல்லை. 130 மி.மீ.க்கு 260. அதற்கு மேல் போனால் படம் பெரிசாகும். கூடவே மங்கலும் பெரிசாகும்!

ஸ்டெல்லேரியத்தில் ஆக்குலர்ஸ் என்று ஒரு பிளக்-இன் உண்டு. உங்கள் டெலஸ்கோப், ஐபீஸ் அளவுகளை ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு, எந்த அயிட்டத்தையாவது செலக்ட் செய்து கன்ட்ரோல் + ஓ தட்டினால், உங்கள் ஐபீஸில் அது எவ்வளவு பெரிசாகத் தெரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும். கார்த்திகைக் கூட்டத்துக்கு 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் பாதி நட்சத்திரங்கள் வெளியே போய்விடும், 25 மி.மீ. போட்டால் கச்சிதம் என்பது பகலிலேயே தெரிந்துவிடும். இன்னொரு மேட்டர்... கண்ணாடி டெலஸ்கோப்பில் படம் தலைகீழாகத் தெரியும். லென்ஸ் டெலஸ்கோப்பில் கோணக்கண்ணாடி போட்டால் இடம் வலமாகும். அதற்கேற்றபடி ஸ்கிரீன் படத்தையும் புரட்டிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் போனால், 'மேப்ல இடது பக்கம் இருந்துச்சே... இங்க வலது பக்கம் இருக்கே' என்று நடு ராத்திரியில் பஞ்சாயத்து கன்ஃபார்ம்!

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரீனில் வரும் கலர் கலர் நெபுலா படங்கள் கேமரா எடுத்தவை. ஐபீஸில் பெரும்பாலும் சாம்பல் நிறப் புகைதான். ஜூனியர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 'இவ்வளவுதானாண்ணா?' என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

ராத்திரி ரூல்ஸ்!

இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருத்தர் மொபைலை 'பளிச்'சென்று ஆன் செய்தால், அது காலி, மறுபடி முதலிலிருந்து. ஸ்டெல்லேரியத்தில் கன்ட்ரோல் + என் தட்டினால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகிவிடும். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அதுவும் பத்தாது, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிவப்பு செலோஃபேன் பேப்பரை ஸ்கிரீன் மேல் ரெண்டு மடிப்பு ஒட்டுங்கள். அதைவிட பெஸ்ட், தேவையான மேப்பை எல்லாம் பிரின்ட் எடுத்துக்கொண்டு லேப்டாப்பை மூடிவிடுவது! மலையில் சார்ஜ் போட பிளக் பாயின்ட் கிடைக்காது என்பதால், பேட்டரிக்கும் நல்லது.

'எதுக்கு மேப்? மொபைலை வானத்துக்கு நேரா பிடிச்சா அதுவே காட்டுமே!' என்பவர்களுக்கு... காட்டும்தான். ஆனால், மொபைலுக்குள் இருக்கும் திசைகாட்டி, பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டோ பைக்கோ இருந்தால் சில டிகிரி தள்ளாடும். நம்ம ஐபீஸ் வட்டமே 2 டிகிரிதானே? 5 டிகிரி தப்பினால் அயிட்டம் அவுட். எந்தப் பக்கம் எந்த நட்சத்திரம் என்று தெரிந்துகொள்ள மொபைல் ஓகே. அதற்குப் பிறகு நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவிப் போகிற பழைய வித்தைதான் கைகொடுக்கும். சிரியஸைப் பிடி, அங்கிருந்து தெற்கே 4 டிகிரி, அதாவது ஐபீஸ் வட்டம் ரெண்டு தள்ளு, எம் 41 ரெடி. இந்த ரூட்டைப் பகலில் ஸ்கிரீனில் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தவன், ராத்திரியில் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான்.

கொஞ்சம் காசு உள்ள காலேஜ்களில் மோட்டார் வைத்த டெலஸ்கோப் இருக்கும். அதை லேப்டாப்போடு கேபிளில் இணைத்தால், ஸ்கிரீனில் நட்சத்திரத்தை க்ளிக் செய்து கன்ட்ரோல் + 1 தட்ட, டெலஸ்கோப் தானாகவே திரும்பும். விண்டோஸில் ஆஸ்காம், லினக்ஸில் இண்டி என்ற மென்பொருள்கள்தான் நடுவில் தரகர்கள். ஒரே ஒரு உஷார்... பல கன்ட்ரோலர்கள் தேதியை அமெரிக்க ஸ்டைலில் மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கும். மாற்றிப் போட்டால் நல்ல பிள்ளையாகத் திரும்பி, வெறும் இருட்டைக் காட்டும்! இன்னொரு பெரிய உஷார்... பகலில் டெஸ்ட் செய்யும்போது சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே திருப்பாதீர்கள். ஒரு நொடியில் கண் போய்விடும்.

கேமரா மாட்டினவர்களுக்கு இன்னும் ஒரு ஜாலம். வானத்தை ஒரு க்ளிக் எடுத்துக் கொடுத்தால், நட்சத்திரங்களை நாலு நாலாகச் சேர்த்து, அவை அமைக்கும் வடிவத்தைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, 'நீ இப்போ பார்ப்பது இந்த இடம்' என்று சொல்லிவிடும் அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்ற இலவச மென்பொருள். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுகிறீர்களா? பைத்தானில் ஸ்கைஃபீல்டு என்ற லைப்ரரி இருக்கிறது. ஊர், தேதி, மரத்தின் உயரம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் கொடுத்தால் டைம்டேபிள் போட்டுத் தரும் புரோகிராமை நீங்களே எழுதலாமே!

காவலூர் சொல்லும் பாடம்

எங்கள் கிளப்பிலேயே ஒரு சீனியர் அண்ணன் இதை எல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். "தேடுறதுலதான்டா சுகமே! எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சொல்லிட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்பார். நியாயமான கேள்விதான். பதில், ஏலகிரிக்குப் பக்கத்து மலையிலேயே இருக்கிறது.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் மாதம். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடல் மேலே அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு விமானத்தில் டெலஸ்கோப்போடு பறந்துகொண்டிருந்தார்கள். இங்கே காவலூரில் 1 மீட்டர் டெலஸ்கோப் தயார். யுரேனஸ் நெருங்குவதற்கு முன்பே, கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. நட்சத்திரம் சில நொடிகள் மங்கிவிட்டு மீண்டது! காவலூர்க் குழு, அது யுரேனஸின் புது நிலாவாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தது. எல்லா இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது... யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன!

எப்போது, எங்கே பார்க்கணும் என்பதைக் கணக்கு சொன்னது. என்ன இருக்கிறது என்பதை, சீக்கிரமே தயாராகி உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அண்ணனுக்கு நாங்கள் சொன்னதும் அதுதான். "தேடுற சுகத்தை நாங்க விடலண்ணா. மதியானத்துக்கு மாத்திட்டோம். ராத்திரி முழுக்கப் பார்க்குற சுகம்!" அண்ணன் சிரித்தார். ஆனாலும் ஒமேகா சென்டாரியைச் சாஃப்ட்வேர் இல்லாமல் தானே பிடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறார். காலை 4 மணி ஸ்லாட் அவருக்கே!

உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க், நாலே விஷயம். ஸ்டெல்லேரியத்தை இறக்குங்கள். உங்கள் ஊரைக் கொடுங்கள். அமாவாசைக்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமையை ஓட்டிப் பார்த்து எட்டு அயிட்டம் எழுதுங்கள். அப்புறம், டெலஸ்கோப் மேல் காயும் துண்டை எடுத்து மடித்து வையுங்கள். ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கும் மறக்க வேண்டாம் மக்களே... மலையில் காலை 4 மணிக்குக் குளிர் பின்னும்!